அங்கீகரிக்கப்பட்ட கஷ்டம்

ஒஹாயோ மாநிலத்து ஹாஸ்லர்வில் ஊரில் அந்த இலையுதிர் காலத்தில் வேலை இழந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு பேர். அதிபர் தேர்தலுக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒருவர். அந்த ஒருவராக ராண்டல் ஸிம்மர்லி தேர்ந்தெடுக்கப்பட்டதைத்தான் வெர்லின் ஆம்ஸ்டட்ஸால் செரிக்க முடியவில்லை.

வேலை போனதைக்கூட அவர் ஒருவழியாகச் செரித்துவிட்டார். வாசலில் கம்பத்தின் மேல் நிற்குமே தகரத் தபால் பெட்டி, பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புக் கொடியோடு, அதைச் செய்கிற தொழிற்சாலை அது. வெர்லின் இருபத்தாறு வருஷம் அந்தச் சிவப்புக் கொடியைப் பொருத்தியவர். நாட்டில் வீடு கட்டுவது நின்றுபோனதும் தபால் பெட்டி வாங்குவதும் நின்றுபோனது. அதோடு ஐஸ்லாந்தில் ஒரு வங்கி கவிழ்ந்தது. தொழிற்சாலைக்கு யார் முதலாளி என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கவிழ்ந்த பிறகுதான் அந்த வங்கி என்று தெரிந்தது. ஐஸ்லாந்தில் வங்கி இருப்பதே வெர்லினுக்கு அன்றுதான் தெரியும். அத்தனை பனிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தன்னை எப்படித் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று அவருக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

ஆட்களை ஆங்கில அகரவரிசைப்படி அனுப்பினார்கள். ஆம்ஸ்டட்ஸ் என்பதால் காலை எட்டு மணிக்கு, காபி குடிக்குமுன், வெர்லின் முதல் ஆளாக வெளியே வந்தார். ஸிம்மர்லி 'இஸட்' எழுத்துக்காரர் என்பதால் கடைசி. மாலை மூன்றரைக்கு வந்தார். இடைப்பட்ட நேரத்தில் நிர்வாகம் வழியனுப்புவதற்காக வரவழைத்த பீட்சாவில் நாலு துண்டு தின்றுவிட்டு வந்தார். அவருடைய சர்வீஸ் வெறும் பதினொரு வருஷம். சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

இல்லை போலிருக்கிறது. அடுத்த வாரம் வேட்பாளர் பக்கத்து ஊர் மைதானத்தில் பேசும்போது, "ஹாஸ்லர்வில்லில் ராண்டல் என்று ஒரு மனிதர் இருக்கிறார். காலையில் எழுந்தால் அவருக்குப் போக இடமில்லை" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

வெர்லின் டிவி முன்னாலிருந்து எழுந்தே விட்டார். "காலையிலயா? பத்து மணிக்கு முன்னாடி அவன் எழுந்து எவனாவது பாத்திருக்கானா?"

"உக்காரு வெர்லின், மறைக்குது" என்றாள் அவர் மனைவி டார்லா. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். நானூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டு வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

நாலு விநாடிப் பேச்சுத்தான். ஆனால் அதன் பலன் அடுத்த நாளே வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு ராண்டலிடம், இறங்கத் தொடங்கியது. தேவாலயத்துப் பெண்கள் நூடுல்ஸும் டின் மீனும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த தட்டுகளாக ஏழு கொண்டுவந்து கொடுத்தார்கள். முடிதிருத்துகிறவர் காசு வேண்டாம் என்றார். இதையெல்லாம்கூட வெர்லின் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ராண்டலின் வீட்டை ஏலம் விடவிருந்த வங்கி, டிவிக்காரர்களுக்குப் பயந்து, வசந்த காலம் வரைக்கும் ஏலத்தைத் தள்ளிப்போட்டது.

வெர்லினின் வீடும் அதே வங்கியின் பிடியில்தான் இருந்தது. தவணை நின்றதும் ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்து கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்: நவம்பர் பதின்மூன்று, வியாழக்கிழமை, நீதிமன்ற வாசலில் ஏலம். டார்லா அழுது மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த நாள் மத்தியானமே ஏப்ரனோடு கிளம்பிப் போய் இலவச வக்கீல் ஒருவரைப் பிடித்தாள். அவர் மனுப் போட்டார். நவம்பர் பத்தாம் தேதி விசாரணை. நீதிபதி இந்த மாதிரி மனுக்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்துவிடுகிறார், கவலைப்படாதீர்கள் என்றார் வக்கீல்.

வெர்லினுக்கு அதில் திருப்தி இல்லை. ராண்டலின் வீட்டை ஒரு வேட்பாளரின் வாய் காப்பாற்றியிருக்க, தன் வீட்டை ஒரு மனு காப்பாற்றுவதா?

அன்று மாலை இரண்டு பேரும் அவரவர் புல்வெளியில் உதிர்ந்த இலையை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து மூணாவது சேனல் வந்துச்சுப்பா" என்றார் ராண்டல். "ஜன்னல் வழியா தூரத்துல பாக்கச் சொன்னாங்க. பாத்தேன். நல்லா பாக்கறீங்கன்னாங்க."

"தூரத்துல என் வீட்டுக் கழிவறை ஜன்னல்தானடா இருக்கு?"

"அதான் முகத்துல அந்த சோகம் வந்துச்சு."

"எனக்கும்தான் வேலை போச்சு. உனக்கு முன்னாடியே போச்சு."

"போச்சுதான், யாரு இல்லேன்னா?" ராண்டல் இலைவாரியை ஊன்றி நின்றுகொண்டு அனுதாபத்தோடு சொன்னார். "ஆனா உனக்குச் சும்மா போச்சுப்பா. எனக்கு தேசத்துக்காகப் போயிருக்கு."

மறுநாள் காலை வெர்லின் முகம் மழித்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். திவாலான மெத்தைக் கடை ஒன்றில் அலுவலகம் நடந்தது. 'கடைசி மூன்று நாள்' என்ற பலகையைக் கழற்றாமல் அதன் கீழேயே வேட்பாளரின் படத்தை மாட்டியிருந்தார்கள். சாதாரண மக்கள் பிரிவின் துணை இயக்குநர் பிளேர் வான்டவீர் என்ற நாற்பது வயது அம்மாள் அவரை உட்காரவைத்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"என்ன இழந்திருக்கீங்க, மிஸ்டர் ஆம்ஸ்டட்ஸ்?"

"வேலைம்மா."

"அப்புறம்?"

"அப்புறம்னா?"

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஒரு மூணு வாரம் முன்னாடி வந்திருக்கணும். அப்ப வேலை மட்டும் போனாலே போதும், எடுத்துக்கிட்டோம். இப்ப சந்தை இறங்கிப் போச்சு. வர்றவங்க எல்லாருக்கும் வேலை போயிருக்கு. நேத்து ஒருத்தர் வந்தாரு, வேலை, வீடு, பென்ஷன், ஒரு சிறுநீரகம். அவரையே காத்திருக்கச் சொல்லியிருக்கோம்."

"வீடும் போகப் போகுதும்மா."

"அடடே!" அவர் முகம் மலர்ந்தது. மறுபடி பேனாவை எடுத்தார். "அழுவீங்களா?"

"எப்ப?"

"பொதுவா."

வெர்லின் யோசித்தார். "எங்கப்பா செத்தப்ப அழுதேன். கிளீவ்லண்ட் டீமு தோத்தப்ப அழுதேன்."

"எதுக்கு அதிகம்?"

"டீமுக்குத்தான். அப்பா ஒரு தடவைதான செத்தாரு."

'உண்மையான உள்ளூர் உணர்ச்சி' என்று எழுதிக்கொண்டார் அந்த அம்மாள். "சமையலறை மேஜை இருக்கா? வேட்பாளர் அடிக்கடி சொல்வாரு, சமையலறை மேஜையைச் சுத்தி உக்காந்து கவலைப்படற குடும்பங்கள்னு."

"இருக்கு. வட்ட மேஜை."

"வட்டமா?" பேனா நின்றது. "வட்ட மேஜைல யாரு பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு கேமராவுக்குத் தெரியாது. கவலை நாலு பக்கமும் சிதறிடும். உங்க மனைவி?"

"ஸ்கூல்ல சமையல் வேலை."

"சம்பளம் வருதா?"

"வருது."

"அதுதான் இடிக்குது. அது நம்பிக்கை, மிஸ்டர் ஆம்ஸ்டட்ஸ். நம்பிக்கையை வேட்பாளர்தான் கொண்டுவந்து குடுக்கணும். வீட்ல முன்கூட்டியே வச்சிருந்தா அவரு எதுக்கு வரணும்?"

வெர்லின் படிவத்தின் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்ச்சாரியில், மூடிப்போன ஐஸ்கிரீம் கடையில், மற்றக் கட்சியின் அலுவலகம் இருந்தது. வந்தது வந்தாயிற்று, அங்கேயும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று தெருவைக் கடந்தார்.

அங்கே இருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்குகுலுக்கென்று குலுக்கினார். "கஷ்டமா? நம்ம கட்சில அந்த வார்த்தையே கிடையாது சார். நீங்க கஷ்டப்படல. நீங்க இன்னும் பணக்காரர் ஆகல, அவ்வளவுதான். சொந்தமா தொழில் ஏதாவது?"

"இல்ல."

"ஆரம்பிக்கணும்னு நினைச்சதுண்டா?"

"மீன் தூண்டில் கடை வைக்கலாம்னு ஒரு தடவை நினைச்சேன். குளிர்காலத்துல."

"பாத்தீங்களா! அந்தக் கடைக்கு அவங்க எவ்வளவு வரி போடப் போறாங்க தெரியுமா?"

"கடையே இல்லையே சார்."

"இல்லாத கடைக்கே வரி போடறாங்கன்னா பாத்துக்குங்க, எவ்வளவு பெரிய அநியாயம்!" அவர் குரல் தழுதழுத்தது. வரி கட்டப்போகிற வருங்கால முதலாளிகள் பட்டியலில் வெர்லினை நாற்பத்தோராவது ஆளாக எழுதிக்கொண்டார். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரிடமும் கடை இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

நாற்பத்தோராவதாக இருக்க வெர்லினுக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்ததும் ரம்பத்தை எடுத்து, வட்ட மேஜையை நாலு பக்கமும் அறுத்துச் சதுரமாக்கினார். கோணல் சரியாகும்வரை மறுபடி மறுபடி அறுத்து முடித்தபோது அதில் ஒரு தட்டும் ஒரு கோப்பையும் வைக்கத்தான் இடம் இருந்தது. மூலைக்கு ஒரு கால் என்று கணக்கும் ஒத்துவரவில்லை. வட்ட மேஜைக்கு நடுவில் ஒரே கால்.

டார்லா வந்து பார்த்தாள்.

"மேஜையை அறுத்தாத்தான் நாடு உருப்படும்னு சொன்னாங்களா?"

"அவங்களுக்கு மூலை வேணுமாம் தங்கம்." வெர்லின் மரத்தூளைத் தட்டிக்கொண்டே மெதுவாக அடுத்ததையும் போட்டுவைத்தார். "நீ ஒரு ரெண்டு வாரம் வேலைக்குப் போகாம இருந்தா..."

"நான் போகலேன்னா நானூறு பிள்ளைங்க மத்தியானம் எதைத் தின்னும்? உன் வேட்பாளர் குடுக்கற நம்பிக்கையையா? அதுக்கு மேல சாஸ் ஊத்தித் தரவா?"

ஆனால் மூன்றாம் நாள் வீட்டைப் பார்வையிட வந்த பிளேர் வான்டவீர், அந்த மேஜையைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "இது நிஜமாவே நொறுங்கிப்போன குடும்பம்" என்று தன்னோடு வந்த புகைப்படக்காரரிடம் கிசுகிசுத்தார். டார்லாவின் சம்பளத்தைக்கூட 'போதாத சம்பளம்' என்ற தலைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழிகண்டார். எல்லாம் பொருந்திவந்தது. கதவில் ஒட்டிய தாளைப் படித்தபோதுதான் அவர் நெற்றி சுருங்கியது.

"நவம்பர் பதிமூணா? தேர்தல் நாலாந்தேதி. ஒன்பது நாள் கழிச்சு வீடு போறதுல யாருக்கு என்ன பிரயோசனம்?"

"எங்களுக்கும் பிரயோசனம் இல்லைதாம்மா" என்றார் வெர்லின்.

"நீங்க கவலையே படாதீங்க. வங்கிகிட்ட நாங்க பேசறோம்."

இந்த வாக்கியத்தை வெர்லின் நேராக வேலிக்கு எடுத்துக்கொண்டு போனார். "ராண்டல்! உனக்கு வங்கி தானாத்தான தள்ளிப்போட்டுச்சு? எனக்குக் கட்சியே பேசறாங்களாம்."

ராண்டலின் வாரி பாதியில் நின்றது. "யாரு, பிளேர் அம்மாவா? உன் வீட்டுக்கு நேர்லயே வந்தாங்களா?"

"மேஜையைத் தொட்டுப் பாத்தாங்க."

"என் வீட்டுக்கு யாரோ ஒரு அசிஸ்டென்ட்டைத்தான் அனுப்பினாங்க" என்றார் ராண்டல். அன்று அவர் இலையை வாரவே இல்லை. உள்ளே போய்விட்டார்.

கட்சி சொன்னபடியே வங்கியிடம் பேசியது. இரண்டு நாளில் ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆள் வந்து பழைய தாளின்மேல் புதிய தாளை ஒட்டினார். அக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

வெர்லின் தொலைபேசியைத் தேடி எடுத்துப் பிளேர் வான்டவீரின் எண்ணை அழுத்தினார். "என்னம்மா இது? முன்னாடி வந்திருக்கு! தள்ளிப்போடத்தான பேசப் போறீங்கன்னு நினைச்சேன்."

"தள்ளிப்போட்டா நீங்க கஷ்டப்படறவரா எப்படி இருக்க முடியும், மிஸ்டர் ஆம்ஸ்டட்ஸ்? காத்துக்கிட்டிருக்கறவரா ஆயிடுவீங்க. காத்துக்கிட்டிருக்கறவர் நமக்கு ஏற்கனவே பென்சில்வேனியால ஒருத்தர் இருக்காரு. எவ்வளவு சிரமப்பட்டு முன்னாடி கொண்டாந்தோம் தெரியுமா? நல்லவேளை, வங்கியோட துணைத் தலைவர் நம்ம ஆதரவாளர்."

"அவரு எதிர்க்கட்சி ஆதரவாளர்னுல்ல கேள்விப்பட்டேன்?"

"அங்கயும்தான். பெரிய மனசு அவருக்கு."

"ராண்டலுக்கு மட்டும் தள்ளிப் போச்சே?"

"அது எங்க கவனக்குறைவு. அந்த ஒரு தப்பாலதான் அவரு பேரை மறுபடி சொல்ல முடியாமப் போச்சு. வீட்டுக்குள்ள சௌகரியமா உக்காந்திருக்கற ஆளைப் பத்தி வேட்பாளர் எந்த முகத்தோட பேசுவாரு?"

பின்னால் டார்லா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்தாந்தேதி கோர்ட்ல விசாரணை இருக்குன்னு சொல்லு" என்றாள். "பழைய தேதிக்கே மாத்தச் சொல்லு. ஆறு மாசம் கிடைக்கும் வெர்லின். வீடு நிக்கும்."

வெர்லின் சொன்னார். பிளேர் வான்டவீர் சிறிதும் கோபப்படவில்லை.

"தாராளமா. இது சுதந்திர நாடு, யாரையும் வற்புறுத்திக் கஷ்டப்படுத்த மாட்டோம். ஒரு போன் போட்டா பழைய தேதிக்கே மாத்திடுவாங்க. உங்களுக்கு அடுத்த ஆளும் தயாரா இருக்காரு."

"அந்த சிறுநீரகத்து ஆளா?"

"இல்ல, உங்க பக்கத்து வீட்டுக்காரர். நேத்து சாயங்காலம் வந்தாரு. வசந்த காலம் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல, என் வீட்டையும் இப்பவே ஏலத்துக்கு விட்டுடுங்க, பேரை மட்டும் இன்னொரு தடவை முழுசா சொல்லச் சொல்லுங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. முழுப் பேச்சு, அவரு புல்வெளியிலயே, பதினாறு கேமரா. மாத்திடட்டுமா?"

வெர்லின் ஜன்னல் வழியே பார்த்தார். வேலிக்கு அப்பால் ராண்டல் தன் புல்வெளியைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். கேமரா நிற்கத் தோதான இடம் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பழைய தேதின்னு சொல்லு" என்றாள் டார்லா. "சொல்லேன்யா!"

ராண்டல் ஒரு செடியைப் பிடுங்கி ஓரமாக நட்டார். பின்னால் நகர்ந்து நின்று அழகு பார்த்தார்.

"என் பேரே இருக்கட்டும்" என்றார் வெர்லின் தொலைபேசியில்.

டார்லா ஏப்ரனைக் கழற்றி அந்தச் சதுர மேஜையின்மேல் போட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகள் வாங்கக் கடைக்குப் போனாள். அந்த நேரத்தில் ஹாஸ்லர்வில்லில் விற்பனை குறையாத சரக்கு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் ஏலம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. வங்கியே வீட்டை எடுத்துக்கொண்டது. வேறு யாரும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வெர்லினின் புல்வெளியில், அதாவது ஒரு மணி நேரத்துக்கு முன்வரை அவருடையதாக இருந்த புல்வெளியில், முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். அன்று ஹாலோவீன் என்பதால் பூதமும் எலும்புக்கூடுமாக வேஷமிட்ட பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எலும்புக்கூடுகளை மட்டும் கேமராவுக்கு எட்டாத பக்கமாக நகர்த்தினார்கள். பார்க்கிறவர்களுக்குத் தவறான செய்தி போய்விடுமாம். மஞ்சள் பூசணிக்காய்களை மேடையைச் சுற்றி அடுக்கி, அறுத்த மேஜையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். வெர்லினை அதன் பின்னால் உட்காரவைத்து, தூரத்தில் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். தூரத்தில் ராண்டலின் சமையலறை ஜன்னல் தெரிந்தது. அதில் ராண்டலின் முகம் தெரிந்தது.

வேட்பாளர் வந்தார். கையை உயர்த்தினார்.

"நண்பர்களே! நாலு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு வெர்லினைத் தெரியாது. ஆனா கார்ல வர்ற வழியில அவரைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சேன். படிச்சதும் எனக்குத் தோணுச்சு, நானும் ஒரு வெர்லின்தான்! எனக்கு ஏழு வீடு இருக்கலாம். ஆனா ஒவ்வொரு வீட்லயும் ஒரு சமையலறை இருக்கு. ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு மேஜை இருக்கறதா சொல்றாங்க!"

கைதட்டல் அடங்க அவர் காத்திருந்தார்.

"இந்த வீடு இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு ஏலம் போச்சு. யாரால போச்சு? எதிர்க்கட்சியாலன்னு என் எதிரிகளே ஒத்துக்குவாங்க! வெர்லின், உங்க கண்ணைப் பாத்துச் சொல்றேன். உங்களை நான் மறக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு, கடைசி ஓட்டு விழற வரைக்கும், மறக்கவே மாட்டேன்!"

ஓட்டுச்சாவடி மூடும் நேரம் அது. இவ்வளவு துல்லியமான வாக்குறுதியை எந்த வேட்பாளரும் தந்ததில்லை என்று மறுநாள் பத்திரிகைகள் பாராட்டின. ஐஸ்லாந்துப் பிரச்சினையைப் பற்றியும் அவர் பேசினார். அங்கே குளிர் அதிகம் என்றார். பிறகு வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினார், கேமராக்கள் மின்னின, கறுப்புக் கார்கள் அடுத்த மாவட்டத்துக்கு விரைந்தன. அங்கே பதினைந்து நிமிஷத்தில் இன்னொரு வீடு காத்திருந்தது.

கட்சிக்காரர்கள் பூசணிக்காய்களை எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். மேஜையையும் தூக்கிப்போனார்கள். மிச்சிகனில் இது மாதிரி ஒன்று கிடைக்கவில்லை என்றார் பிளேர் வான்டவீர். போகிற போக்கில் வெர்லினின் தோளைத் தட்டி, "ரொம்ப இயல்பா இருந்தீங்க. இந்தத் தேர்தல்லயே நீங்கதான் நம்பர் ஒன்" என்றார். ஷெரிஃபின் ஆள் வந்து பவ்யமாகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தெருவோரத்தில் டிரக் நின்றது. பின்னால் பெட்டிகள், சுருட்டிய மெத்தை, டிவி. டார்லா ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அவளுடைய தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

வெர்லின் டிரக்கை நோக்கி நடக்கப்போனார். வேலிப்பக்கம் ராண்டல் நின்றிருந்தார். மூன்று நாளாகத் தூங்காதவர் போலக் கண் சிவந்திருந்தது.

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு" என்றார் ராண்டல். "கடியாரம் வச்சுப் பாத்தேன். எனக்கு நாலு செகண்டுதான்டா."

"உனக்குக் கூட்டத்துல ஒருத்தனா. எனக்குத் தனியா."

"கண்ணைப் பாத்துச் சொன்னாரே, உண்மையிலயே பாத்தாரா?"

"பாத்தாரு. நீல நிறம் அவரு கண்ணு."

ராண்டலின் கீழுதடு துடித்தது. "எனக்கு வீட்டுக்குள்ள போகவே பிடிக்கலடா. சுவத்தைப் பாத்தாலே எரியுது. இது எதுக்கு எனக்கு? இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கும் தகப்பனின் வெறுப்பு இருந்தது. மறுபடி வெர்லினைப் பார்த்தார். காதுவரைக்கும் பொறாமை படர்ந்திருந்தது அந்த முகத்தில்.

வெர்லின் அசையாமல் நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு முகத்தை அவர் யாரிடமும் பார்த்ததில்லை. தன்னைப் பார்த்து யாருக்கும் அப்படி ஒரு முகம் வந்ததும் இல்லை.

டிரக்கின் ஹாரன் ஒலித்தது. "வாய்யா, ஏறு!" என்றாள் டார்லா. "போனது போச்சு. இன்னும் என்ன அங்க?"

"ஒரு நிமிஷம் இரு தங்கம்" என்றார் வெர்லின், தலையைத் திருப்பாமலே. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

அவர் வீட்டைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, டார்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.